விட்டுப்போன நாற்பத்தொரு நிமிடங்கள்

பச்சைக் கோட்டில் ஒரு பல் முளைத்திருந்தது.

ரௌனி கெம்பைனென் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு அருகே குனிந்து வெறும் கண்ணால் பார்த்தாள். அக்டோபர் பதினேழு, வெள்ளிக்கிழமை, மாலை 4:02. சர்வர் கூடத்துக் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்று காட்டும் கோடு அந்த இடத்தில் நூல் பிடித்தாற்போல் நேராக ஓட வேண்டும். ஓடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஏனென்றால் அந்தக் கோட்டை அங்கே போட்டவளே அவள்தான். எட்டு வாரங்களாக அது நேராகவே கிடந்தது. இன்று அதில் அரிசி முனை அளவுக்குக் கீழ்நோக்கி ஒரு பல்.

மேசைக் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்றும் வெள்ளிக்கிழமை. இன்றும் 4:02.

சன்னலுக்கு வெளியே மூன்று மணிக்கே இருட்டி, உறைந்த ஏரியின்மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. கட்டடம் பழைய காகித ஆலை. ஆலை மூடிப் பதினைந்து வருடமாகியும் இப்படி ஈரம் படிந்த நாட்களில் செங்கல் சுவரிலிருந்து கந்தக வாடை கசியும். அதனோடு அடியில் தீய்ந்த காப்பி வாடை, தாழ்வாரத்திலிருந்து சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் சூடேறிய மரவாடை, இவற்றுக்கெல்லாம் அடியில் தரை வழியாக உள்ளங்காலில் ஏறும் கூடத்தின் உறுமல். இருநூற்றுப் பன்னிரண்டு சர்வர்களின் மின்விசிறிகள் ஒரே சுருதியில் போடும் சத்தம் அது. ஒரு வாரம் வேலை பார்த்தால் காது அதை மறந்துவிடும். கால் மறக்காது. குளிர்காலத்தில் ரௌனியின் இடது பாதத்தில், ஒன்பது வயதில் பனியில் விறைத்து வெட்டியெடுக்கப்பட்ட சுண்டுவிரலின் இடத்தில், அந்த உறுமல் வலியாகவே ஏறும்.

கூடத்துக் காற்று நாம் மூச்சுவிடும் காற்று அல்ல. நெருப்புப் பிடிக்கக் கூடாது என்பதற்காக அதில் நைட்ரஜனைக் கலந்து, ஆக்சிஜனைப் பதினைந்து சதவீதத்துக்குக் குறைத்து வைத்திருப்பார்கள். அங்கே தீக்குச்சியைக் கிழித்தால் பொறி வரும், சுடர் நிற்காது. மனிதன் நிற்பான். உயரமான மலையில் ஏறியதுபோலக் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஆனால் நைட்ரஜன் வால்வு கெட்டு, பதினைந்து பத்தாக இறங்கினால், மனிதனும் தீக்குச்சியும் ஒன்றுதான்.

அதனால்தான் கூடத்துக் கதவருகே ஒரு சிறிய சாம்பல்நிறப் பெட்டி இருக்கிறது. அதுவும் ஒரு கணினிதான். அதற்குள் ஓடும் கண்காணிப்பு நிரலான ஏஜென்டை எல்லோரும் காவல்காரன் என்பார்கள். பெயர் வைத்தவன் ரௌனியோடு வேலை பார்த்த ஐமோ. காவல்காரன் நிமிடத்துக்கு ஒருமுறை காற்றை அளக்கும், சத்தத்தை அளக்கும், கதவின் கைப்பிடி எத்தனை முறை அசைந்தது என்று எண்ணும், எல்லாவற்றையும் ரௌனியின் மேசைக்கு அனுப்பும். கதவின் பூட்டுக்கும் ‘எல்லாம் நலம்’ என்று ஒரு சொல் சொல்லும். அந்தச் சொல் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை பூட்டு தளர்ந்திருக்கும். சொல் வராவிட்டால் பூட்டு இறுகிவிடும். வெளியிலிருந்து அட்டையைக் காட்டித் திறக்கலாம். உள்ளே இருப்பவருக்குக் கைப்பிடி மட்டும்தான்.

தாழ்வாரத்தில் மரச்செருப்புச் சத்தம் கேட்டது. உர்போ கதவில் சாய்ந்து நின்றான். கட்டடத்தைப் பராமரிக்கும் அறுபது வயதுக்காரன். தோளில் துண்டு, கையில் காகிதத்தில் சுற்றிய தொத்திறைச்சி.

"சவுனா தயாரா இருக்கு, மகராசி. எட்டு வாரம் சும்மா கிடந்த அடுப்பு, கல்லெல்லாம் என்னைப் பாத்து முறைக்குது. நாலு மணி பொம்பளைங்க முறை. இந்தக் கட்டடத்துல அப்படின்னு இருக்கறது நீ ஒருத்தி. போ."

"நீ போ, உர்போ. எனக்கு வேலை இருக்கு."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் சவுனாவை வேண்டாம்னு சொல்றவளை நான் இப்பத்தான் பாக்கறேன். உடம்புக்கு ஏதாவதா?"

"திங்கக்கிழமை பாதுகாப்பு ஆபீஸ்லேர்ந்து வராங்க. பதிவெல்லாம் எடுத்து வைக்கணும்."

உர்போ முகத்திலிருந்த சிரிப்பு தணிந்தது. "அன்னோட அது முடிஞ்சுடும், இல்ல?"

"முடிஞ்சுடும்."

"மார்கெத்தா நேத்திக்குக் கடையில என் கையைப் பிடிச்சுக்கிட்டா. என் புருஷன் ஐமோ வெளியில ஆள் இல்லாம உள்ள போயிருக்கவே மாட்டான், அவன் எதிலயும் ரெண்டு தடவை பாக்கறவன்னு சொல்லிச் சொல்லி அழறா. நான் என்னத்தைச் சொல்ல? நான்தான் அன்னிக்குக் கடமான் வேட்டைக்குப் போயிட்டேனே." திரும்பியவன் நின்றான். "அந்தக் குழாய் இன்னிக்கும் தட்டுது."

"எந்தக் குழாய்?"

"கூடத்துச் சூட்டைச் சவுனாத் தரைக்குக் கொண்டுவருமே, அதுதான். சூடேறினா விரிஞ்சு டொக்கு டொக்குங்கும்னு நீதானே சொன்னே. சரி, நான் போறேன். அரை மணி நேரத்துக்கு என்னைக் கூப்பிடாதே, கட்டடம் எரிஞ்சாலும் கூப்பிடாதே."

மரச்செருப்பு தேய்ந்து போயிற்று. திரையில் 4:03. இரண்டாவது பல், முதலாவதைவிடச் சற்று ஆழமாக.

ஒரு ஏஜென்டால் பழைய கணக்கை இப்போது அனுப்ப முடியும். அது விந்தையல்ல, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். கம்பி அறுந்துபோனால் அது அளப்பதை நிறுத்துவதில்லை. அளந்ததை அளந்த நேரத்தோடு தன்னிடமே எழுதி வைத்துக்கொள்ளும். கம்பி திரும்ப வந்ததும் எல்லாவற்றையும் அனுப்பும். விட்டுப்போன நிமிடங்கள் அவற்றுக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். புதிதாக வருபவர்களுக்கு இதை விளக்கும்போதெல்லாம் ரௌனிக்குக் குரலில் உற்சாகம் ஏறும். ஒருவன் வீடு திரும்பி, கண் தெரியாத மனைவிக்கு அன்றைய நாளைச் சொல்வதைப்போல என்பாள்.

ஆனால் அக்டோபர் பதினேழில் கம்பி அறுபடவில்லை. அந்த நாற்பத்தொரு நிமிடம் காவல்காரன் உயிரோடு இல்லை. இல்லாதவன் எதை அளந்திருப்பான்?

அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது.

ஒரு நிரலை இரண்டு விதமாக ஓடவிடலாம். நம் பெயரில் உள்ளே நுழைந்து நம் கையால் தொடக்கினால், அது நம் நிழல். நாம் வெளியேறினால் அதுவும் செத்துவிடும். அப்படிச் சாகக் கூடாது என்றால் அதைச் சர்வீஸாகப் பதிந்துவைக்க வேண்டும். பதிந்துவிட்டால் இயந்திரம் கண் விழிக்கும்போதே அதுவும் விழிக்கும். யாரும் உள்ளே நுழைய வேண்டியதில்லை, யார் வெளியே போனாலும் அதற்குக் கவலையில்லை. விழுந்தாலும் இயந்திரமே எண்ணி ஐந்தாவது நொடியில் தூக்கி நிறுத்தும். பின்னால், யார் கண்ணிலும் படாமல், ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த வியாழக்கிழமை காவல்காரனின் புதிய பதிப்பை ரௌனி நிறுவினாள். சர்வீஸ் எழுந்திருக்க மறுத்தது. ஏதோ ஒரு கோப்பைப் படிக்க அனுமதி இல்லை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தன் பெயரில், தன் கையால் ஓடவிட்டாள். வெள்ளி மாலை ஐமோ வந்து, "நான் உள்ள போறேன், நீ திரையைப் பாத்துக்கோ," என்றான். "நான் பாக்கலேன்னாலும் அது பாத்துக்கும், போ," என்றாள். 4:02க்கு மடிக்கணினியை மூடிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு சவுனாவுக்குப் போனாள். மூடிய அந்த நொடியில் காவல்காரன் செத்தான். பூட்டு இறுகியது. உள்ளே கைப்பிடியில் ஆகஸ்டிலிருந்து ஒரு சிவப்பு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது: திருகு தளர்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

4:06. ஆக்சிஜன் 13.8. கைப்பிடி அசைவு: சுழியம்.

4:07. 13.1.

4:08. 12.5. கைப்பிடி அசைவு: 3.

ரௌனியின் கை சுட்டியிலிருந்து விலகியது. மூன்று. மனக்கண்ணில் பார்த்தாள்: உயரமான ஐமோ சலிப்போடு கைப்பிடியை இழுக்கிறான், அது கையோடு சுழல்கிறது, "சே," என்கிறான்.

4:09. கைப்பிடி அசைவு: 22. சத்தம், எப்போதும் எழுபத்தொன்று. அந்த நிமிடத்தில் தொண்ணூற்றிரண்டு.

தாழ்வாரத்தின் மறுகோடியில், சுவருக்குள், குழாய் தட்டியது. டொக். டொக். டொக்.

அவள் எண்ணவில்லை. விரல்கள் தாமாகவே மேசையில் எண்ணின.

நிறுத்து என்று தட்டினாள். சாம்பல்நிறப் பெட்டியின் காவல்காரன் நின்றது. திரையில் அதன் பெயருக்கு நேரே சிவப்பு விளக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பச்சை. அந்த ஐந்தை எழுதியவள் அவள்தான். விபத்துக்குப் பிறகு ‘எப்போதும் எழுப்பு’ என்று எழுதியவளும் அவள்தான். மறுபடி நிறுத்தினாள். எழுந்தது. எழுப்பவே முடியாதபடி சர்வீஸைப் பூட்டிவைத்தாள். அதற்கும் வழி இருக்கிறது, பெயரையே குழியில் போட்டு மூடிவிடுவது. பூட்டிவிட்டதாக இயந்திரம் ஒப்புக்கொண்டது. ஐந்தாவது நொடி பச்சை எரிந்தது.

யார் பெயரில் ஓடுகிறது என்று கேட்டாள். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. காவல்காரனுக்கு அதற்கென்றே உண்டாக்கிய ஒரு கணக்கு. அந்தப் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் எண் நின்றது. 1004. கணக்கை அழித்துவிட்டால் இயந்திரத்துக்குப் பெயர் மறந்துவிடும், எண் மட்டும் மிஞ்சும். ஈமச்சடங்கு முடிந்த மறுநாள் ஐமோவின் கணக்கை அழித்தவளும் அவள்தான். அவன் எண் என்னவென்று அவள் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

4:12. ஆக்சிஜன் 11.2. சத்தம் நூற்று ஒன்று, பதினேழு முறை. அது கையால் வருகிற சத்தமல்ல. இரும்பு இரும்பில் மோதுகிற சத்தம். தீயணைப்புச் சிலிண்டரைத் தூக்கி அடித்திருக்கிறான். நிமிடத்துக்குப் பதினேழு அடி. மனிதன் மூச்சில்லாத காற்றில் பதினேழு முறை பத்துக் கிலோவைத் தூக்கியிருக்கிறான்.

அன்று அவள் அதைக் கேட்டாள். சவுனாவின் மேல்படியில் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தபோது தரைக்கடியிலிருந்து வந்தது அந்தத் தட்டல். குழாய்தான் என்று நினைத்தாள். பிறகு, குழாய்தானா என்றும் நினைத்தாள். அகப்பையில் தண்ணீர் மொண்டு கற்களின்மேல் ஊற்றினாள். சீறி எழுந்த ஆவியில் ஒன்றும் கேட்கவில்லை. தட்டல் திரும்பக் கேட்டபோதெல்லாம் ஊற்றினாள். "அவன் கூப்பிட்டானா, ரௌனி? உனக்கு ஏதாவது கேட்டுச்சா?" என்று மார்கெத்தா கேட்டதற்கு, "ஒண்ணும் கேக்கலை," என்றாள். வால்வு ஒரே நொடியில் திறந்துகொண்டது, ஐமோ யாரிடமும் சொல்லாமல் உள்ளே போனான், வலி தெரிந்திருக்காது: பதிவும் அப்படித்தான் சொன்னது. வியாழக்கிழமையின் நாற்பத்தொரு நிமிடத்தை அவள் பிரதியெடுத்து வெள்ளிக்கிழமையில் ஒட்டியிருந்தாள்.

இதெல்லாம் வந்து விழட்டும். விழுந்தால் வேலை போகும், ஒருவேளை சிறை. அதைக்கூடத் தாங்கலாம். அவளால் தாங்க முடியாதது 4:12 அல்ல. 4:32.

4:32க்குத்தான் அவள் கதவைத் திறந்தாள். ஈரத்தலை, குளியல் அங்கி, வெறுங்கால். மேசைக்கு வந்து, காவல்காரன் செத்திருப்பதைக் கண்டு, ஓடி, அட்டையைக் காட்டி, கதவை வெளியே இழுத்தாள். அதில் சாய்ந்திருந்தவன் தாழ்வாரத்தில் சரிந்தான். நெற்றி எலும்பு தெரியப் பிளந்திருந்தது. கடைசியில் தலையால் மோதியிருக்கிறான். மூக்கு இருந்த இடம் குழைந்திருந்தது. வலதுகையின் இரண்டு நகங்கள் கதவின் ரப்பர் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் உதடு அசைந்ததா? அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று முடிவு செய்துதான் பார்க்கவில்லை. பாதி வெளியே கிடந்த அவன் தோளைத் தன் வெறும் பாதத்தால் உள்ளே தள்ளினாள். தோள் கதகதப்பாக இருந்தது. கதவைச் சாத்தினாள். மேசைக்குப் போய், அனுமதியைச் சரிசெய்து, காவல்காரனை முறையாகச் சர்வீஸாக்கி, 4:43க்கு ஓடவிட்டு, அது அலறிய பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். நெற்றியையும் நகங்களையும் பார்த்தவர்கள், கடைசி நொடியில் கதவில் மோதி விழுந்திருப்பான் என்று எழுதிக்கொண்டார்கள்.

4:32லிருந்து 4:43வரை. பதினொரு நிமிடம். அந்த நிமிடங்களில் கைப்பிடி அசைவு எவ்வளவு என்று இதுவரை யாரும் அளக்கவில்லை. சுழியமாக இருந்தால் அவன் ஏற்கெனவே செத்திருந்தான். ஒன்று. ஒன்றே ஒன்று என்று வந்தால்.

4:14. எழுந்தாள்.

பெட்டி கூடத்துக்குள் கதவை ஒட்டிச் சுவரில் இருந்தது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டால் எந்த ஐந்து நொடியும் எழுப்ப முடியாது. அரை நிமிட வேலை. தாழ்வாரத்தில் சவுனா அறையைக் கடக்கும்போது உள்ளே உர்போ மூக்கால் ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தான். கூப்பிடலாம். கூப்பிட்டால் என்ன சொல்வது? நடந்தாள்.

அட்டையைக் காட்டினாள். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. உலர்ந்த குளிர்காற்று, உறுமல், வரிசை வரிசையாக இமைக்கும் நீல விளக்குகள். சுவரிலிருந்த சிவப்புச் சிலிண்டரை எடுத்து வாசற்படியில், கதவுக்கும் நிலைக்கும் நடுவே, நிமிர்த்தி வைத்தாள். அவள் முட்டாள் அல்ல. கதவின் உட்புறத்தில் விபத்துக்குப் பிறகு அடித்த புது வெள்ளைப் பூச்சு பளபளத்தது. புதுக் கைப்பிடி. ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது. நல்லது.

மின்கம்பியைப் பிடுங்கினாள்.

பெட்டியின் விளக்கு அணைந்தது. சின்னத் திரை கறுத்தது. மூச்சை விட்டாள்.

ஒன்று.

இரண்டு.

கம்பியின் முனை அவள் கையில் இருந்தது.

நான்கு.

விளக்கு எரிந்தது.

கதவு அறைந்தது. சாத்திக்கொள்ளவில்லை, அறைந்தது. நடுவில் நின்ற சிலிண்டரை அது உள்ளே வீசியெறிந்தது. பத்துக் கிலோ இரும்பு அவள் முழங்காலுக்குக் கீழே மோதியது. பச்சை விறகு ஒடிகிற சத்தம் தன் காலிலிருந்து வந்ததை வலிக்கு முன்னால் கேட்டாள். பிறகு தரையில் கிடந்தாள். பாதம் தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பளிக் காலுறை சூடாக நனைந்தது.

வாயில் இரும்புச் சுவை. நாக்கைக் கடித்திருந்தாள்.

உடம்பை இழுத்துக்கொண்டு போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். இறங்கவில்லை. மாட்டிக்கொண்டதுபோல அல்ல. யாரோ அதை மேல்நோக்கிப் பிடித்திருப்பதுபோல. அவள் அழுத்தினால் அதுவும் இறுகியது. விட்டால் அதுவும் தளர்ந்தது.

தலைக்குமேல் எங்கோ வால்வு திறந்தது. நீண்ட, பொறுமையான ஒரு ‘உஸ்’.

"உர்போ."

உறுமல் அதை விழுங்கியது.

கைமுட்டியால் அடித்தாள். தோல் பிய்ந்தது. வெள்ளைப் பூச்சில் சிவப்புப் பூக்கள். சிலிண்டரை இழுத்து மடியில் ஏற்றி, இரண்டு கையாலும் தூக்கி மோதினாள். ஒடிந்த எலும்பு உள்ளே உரசியது. கத்திக்கொண்டே மோதினாள். பதினொன்று. பன்னிரண்டு. விரல் ஒன்று சிலிண்டருக்கும் கதவுக்கும் நடுவே நசுங்கியது. அடிப்பதை நிறுத்தவில்லை.

சுவரில் ஓடிய குழாயைக் கண்டாள். அதை அடித்தாள். டொக். டொக். டொக். டொக். அது நேராகச் சவுனாத் தரைக்குப் போகிறது. அங்கே உர்போ இருக்கிறான். அவனுக்குக் கேட்கும். அவளுக்குக் கேட்டதே.

காதைக் குழாயில் வைத்தாள். முனகல் பாட்டு நின்றது. கேட்டுவிட்டான். மரப்படி கிறீச்சிட்டது. ஒரு கணம் ஒன்றுமில்லை.

பிறகு தண்ணீர் கற்களின்மேல் விழுந்து சீறியது.

அவள் மறுபடி அடித்தாள். மறுபடி சீறல். அடித்தாள். சீறல். முனகல் பாட்டு தொடங்கியது.

பெட்டியின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அது இந்த நிமிடத்துக் கோட்டைக் காட்டியது. ஆக்சிஜன் 14.9. சத்தம் 71. கைப்பிடி அசைவு: சுழியம். நூல் பிடித்தாற்போல் நேராக. அவளுக்கு அந்தக் கோடு தெரியும். வியாழக்கிழமையின் கோடு. யார் எப்போது பார்த்தாலும் இதைத்தான் பார்ப்பார்கள். திங்கட்கிழமையும் இதைத்தான்.

மூச்சு உள்ளே போயிற்று, எதையும் கொண்டுவரவில்லை. விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கை சிலிண்டரைத் தூக்க மறந்துவிட்டது. விரல் நகங்களைக் கதவின் ரப்பர் விளிம்பில் நுழைத்து இழுத்தாள். ஒன்று போயிற்று. வலிக்கவில்லை. இன்னொன்று.

அவள் தலைக்கு மேலே, ஓர் உயரமான ஆளின் நெற்றி வருகிற இடத்தில், வெள்ளைப் பூச்சு குழிந்தது.

அவள் கை மடியில் கிடந்தது.

மறுபடி குழிந்தது. பூச்சுத் துகள் அவள் முடியில் உதிர்ந்தது. மறுபடி. மூன்றாவது குழியிலிருந்து ஈரமான ஏதோ கோடாக வழிந்து அவள் கண்ணிமையில் சொட்டியது. கதகதப்பாக இருந்தது. யாரோ அவளோடு சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். தலையால்.

அவளும் தலையால் அடித்தாள். ஏன் என்று தெரியவில்லை. வேறு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. நெற்றி. கதவு. நெற்றி. மூக்குக்குள் ஏதோ நொறுங்கியது. நெற்றி.

திரையில் 4:31.

கதவில் சாய்ந்தாள்.

4:32.

பூட்டு கிளிக் என்றது.

கதவு விலகியது. அவள் வெளியே சரிந்தாள். கன்னம் தாழ்வாரத்துத் தரையில் பட்டது. காற்று. கனமான, ஈரமான, நிறைந்த காற்று. சவுனாவின் மரவாடை. யாரோ ஓடி வந்து மூச்சு வாங்க நின்றிருந்தார்கள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. குளியல் அங்கியின் ஓரம் தெரிந்தது. உதட்டை அசைத்தாள். அசைந்தது. உயிரோடிருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வந்தது, குமிழியாக, ரத்தத்தோடு.

மேலே நின்றவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒரு வெறும் பாதம் அவள் தோளின்மேல் வந்து அமர்ந்தது. இடது பாதம். நனைந்து, நீராவியில் சிவந்து, சூடாக. அதற்குச் சுண்டுவிரல் இல்லை.

அது அவளை உள்ளே தள்ளியது. மெதுவாக. கவனமாக. உடம்பு முழுவதும் வாசற்படியைத் தாண்டும்வரை.

கதவு சாத்திக்கொண்டது. வெறுங்கால்கள் மேசையை நோக்கி ஓடுகிற சத்தம் தேய்ந்தது.

இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. ரௌனி கையைத் தூக்கினாள். கைப்பிடியின்மேல் ஏற்கெனவே இருந்த நகமில்லாத விரல்கள், அவளுக்கு இடம் கொடுத்து, கொஞ்சம் நகர்ந்துகொண்டன.